ஏரிக்கரையின் கீழ் வாழ்வோர்: வெள்ள அபாயத்தையும் வெள்ளக் காப்பீட்டையும் புரிந்துகொள்ள பாம் பீச் கவுண்டி தரும் பாடம்

1928 செப்டம்பர் 16 அன்று இரவு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒக்கிச்சோபி ஏரி கரையை உடைத்துக்கொண்டு வெளியேறியது. மாண்டவர்கள் குறைந்தது 2,500 பேர். அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கறுப்பின வேளாண் கூலிகள். வெஸ்ட் பாம் பீச் நகருக்குக் கொண்டுவரப்பட்ட உடல்களில், பெரும்பாலும் வெள்ளையர்களான 69 பேருடையவை உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. கறுப்பின மக்கள் 674 பேருடைய உடல்கள், ஆதரவற்றோருக்கென ஒதுக்கப்பட்ட வேறொரு நிலத்தில் ஒரே குழியில் இடப்பட்டன. கிடைத்த சவப்பெட்டிகள் வெள்ளையர்களுக்கே போயின. உட்லானில் நினைவுக்கல் நின்றது. அந்தக் குழியின் மேல் பல பத்தாண்டுகள் வரை எந்த அடையாளமும் இல்லை.

இடுகாட்டிலும் ஊரும் சேரியும் பிரிந்தே கிடக்கும் நாட்டில் வாழும் நமக்கு இச்செய்தி அந்நியமானதன்று. எனினும் இக்கட்டுரையில் நாம் பேச வருவது அந்த ஒற்றுமையை மட்டுமல்ல. அந்த ஏரிக்கரையில் இன்று உறுதியான கரை இருக்கிறது. வீட்டுக்கு வீடு அபாயத்தைக் காட்டும் அரசு வரைபடம் இருக்கிறது. உலகின் மிக விரிவான அரசு வெள்ளக் காப்பீட்டுத் திட்டங்களுள் ஒன்றும் இருக்கிறது. இவை எப்படி இயங்குகின்றன, யாரைக் காக்கின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்பவற்றை விளக்குவதே நம் நோக்கம். ஏரிக்கரைகளின் கீழ் வாழும் நம் மக்களுக்கு அரசிடம் எதைக் கேட்பது என்ற தெளிவு இதிலிருந்து கிடைக்கும் என்று நம்புகிறோம்.

ஏரியும் கவுண்டியும்

கவுண்டி என்பது அமெரிக்காவில் மாநிலத்திற்கு அடுத்த நிர்வாக அலகு. நம் மாவட்டத்தை ஒத்தது. பாம் பீச் கவுண்டியின் கிழக்கு எல்லை அட்லாண்டிக் பெருங்கடல். மேற்கு எல்லையில் ஒக்கிச்சோபி ஏரி. கடலோரத்தில் உலகின் பெருஞ்செல்வர்கள் சிலரின் மாளிகைகள் நிற்கின்றன. அங்கிருந்து சாலை வழியே ஒரு மணி நேரப் பயணத்தில் ஏரியோரச் சிற்றூர்களான பெல் கிளேட், பஹோக்கி, சவுத் பே ஆகியவை வருகின்றன. இவற்றில் வாழ்வோரில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும். இரண்டு பகுதிகளும் ஒரே கவுண்டி நிர்வாகத்தின் கீழ்தான் இருக்கின்றன.

ஏரியின் பரப்பு ஏறத்தாழ 1,890 சதுர கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் வெறும் 2.7 மீட்டர். அகன்று ஆழமின்றிக் கிடக்கும் நீர்ப்பரப்பைப் பெருங்காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது, தட்டில் இருக்கும் நீரைச் சாய்த்ததுபோல், அது எதிர்க்கரையில் ஏறி நிற்கும். இயற்கை நிலையில் ஏரி நிறையும்போது தெற்குக் கரையைத் தாண்டி நீர் மெல்ல வழிந்து எவர்கிளேட்ஸ் என்னும் சதுப்பு நிலத்திற்குள் பரவிச் செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கால்வாய்கள் வெட்டி அந்தச் சதுப்பை வடித்தார்கள். வடித்த இடத்தில் கிடைத்த கரிய மட்கு மண்ணில் முதலில் காய்கறியும் பின்னர்ப் பெருமளவில் கரும்பும் பயிரானது. வயலில் உழைக்க வந்த கூலிகளின் குடிசைகள், ஏரி இயல்பாக வழியும் பாதையிலேயே அமைந்தன.

அந்த மண்ணுக்கு வேறொரு குணமும் உண்டு. நீர் வடிந்து காற்றுப்பட்டால் மட்கு சிதைந்து கரையும். நிலம் ஆண்டுக்கு ஆண்டு தாழும். பெல் கிளேட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1924இல் ஒரு கான்கிரீட் தூணை அடிப்பாறை வரை இறக்கி, அதன் தலை மண்மட்டத்தோடு நிற்கும்படி நட்டார்கள். இன்று அந்தத் தூண் ஏறத்தாழ ஆறடி வெளியே தெரிகிறது. தூண் உயரவில்லை, சுற்றியுள்ள நிலம் அவ்வளவு இறங்கிவிட்டது. கரை அதே உயரத்தில் நின்றாலும், அதன் கீழ் வாழ்பவரின் அபாயம் கூடிக்கொண்டே போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1928: மாண்டவரும் கணக்கில் வந்தவரும்

1926ஆம் ஆண்டுப் புயலில் ஏரியின் தென்மேற்கே மூர் ஹேவன் என்னும் ஊரில் கரை உடைந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். எச்சரிக்கை அப்போதே கிடைத்துவிட்டது. ஆயினும் இரண்டாண்டுகள் கழித்தும் தெற்குக் கரையில் இருந்தது உள்ளூர் மண்ணைக் குவித்துக் கட்டிய தாழ்ந்த மண்கரைதான். செப்டம்பர் 16 காலையில் புயலைப் பற்றிய எச்சரிக்கை சென்றது; பலர் மேட்டுக்குப் போனார்கள். எதிர்பார்த்த நேரத்தில் புயல் வராததால், ஆபத்து நீங்கியது என்று எண்ணி வீடு திரும்பினார்கள். அன்றிரவு வடகாற்று ஏரியைத் தெற்கே தள்ளியது, மண்கரை கரைந்தது. சில இடங்களில் நீர் இருபது அடி வரை நின்றது.

செஞ்சிலுவைச் சங்கம் அன்று எண்ணிய இறப்பு 1,836. 75 ஆண்டுகள் கழித்து, 2003இல்தான் அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் அதைக் குறைந்தது 2,500 என்று திருத்தியது. பஹாமாஸ் தீவுகளிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பருவகாலக் கூலிக்கு வந்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இருந்ததற்குப் பதிவில்லாதவர் இறந்ததற்கும் பதிவு இருக்காது. உடல்களை மீட்கும் வேலையில் உயிர் பிழைத்த கறுப்பின ஆண்களைத் துப்பாக்கி முனையில் ஈடுபடுத்தினார்கள் என்பதும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் வெளியிட்ட ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ நாவலில் இப்புயலும் இந்த அடக்கமும் இடம்பெற்றதால்தான் அமெரிக்காவின் பொதுநினைவில் இவை ஓரளவேனும் நின்றன. கறுப்பின மக்களின் கூட்டுக்கல்லறை இருந்த நிலத்தை நகர நிர்வாகம் 2000இல் திரும்ப வாங்கியது. 2002இல் அது தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது.

கரை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

1928க்குப் பிறகு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு ஏரியைச் சுற்றி எழுப்பிய கரை, இன்று ஹெர்பர்ட் ஹூவர் கரை என்று அழைக்கப்படுகிறது. நீளம் ஏறத்தாழ 230 கிலோமீட்டர்; சராசரி உயரம் முப்பது அடி. இதையும் அருகில் கிடைத்த மணல், சரளை, சிப்பி, சுண்ணாம்புக்கல், மட்கு ஆகியவற்றைக் கொண்டே கட்டினார்கள்.

மண்கரை உடைவதற்கு நீர் அதன் மேல் ஏறி வழிய வேண்டுமென்பதில்லை. ஏரிமட்டம் உயர உயர, கரையின் உள்ளும் அடியிலும் நீர் கசியும். கசியும் நீர் மண்துகளை இழுத்துச் சென்றால் உள்ளே புழை உண்டாகும். புழை பெருத்தால் கரை உள்ளிருந்தே சரியும். நம் ஊர்களில் மதகை ஒட்டியும் நண்டு வளை வழியாகவும் கரை கசிவதைக் கண்டு மணல்மூட்டை அடுக்கிய பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த பின், ஃபுளோரிடா அரசு அமர்த்திய வல்லுநர் குழு 2006இல் தந்த அறிக்கை, இக்கரை எந்த ஆண்டிலும் உடைவதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று என்று மதிப்பிட்டது. அதன் பிறகு ஏரிமட்டத்தைத் தாழ்த்தி வைக்க விதி செய்தார்கள். கரையின் உள்ளே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்திற்குக் கசிவுத் தடுப்புச் சுவர் இறக்கப்பட்டது. பழைய மதகுகள் மாற்றப்பட்டன. ஏறத்தாழ 150 கோடி டாலர் செலவான இப்பணி 2023 ஜனவரியில் முடிந்தது.

எனினும் அபாயம் ஒழிந்துவிடவில்லை. பெருமழையில் ஏரிக்குள் நீர் வரும் வேகம், அதிலிருந்து நீரை வெளியேற்றக்கூடிய வேகத்தைப் போல ஆறு மடங்கு வரை இருக்கும். அதனால் மட்டத்தை எந்த அளவில் வைப்பது என்பது பொறியியல் கேள்வி மட்டுமன்று. கரும்புத் தோட்டங்கள் வறண்ட பருவத்திற்கு நீர் சேமிக்கச் சொல்கின்றன. முகத்துவாரங்களில் மீன்பிடித்தும் சுற்றுலாவை நம்பியும் வாழ்வோர், ஏரிநீர் பாசியோடு தங்கள் பக்கம் திறந்துவிடப்படுவதை எதிர்க்கின்றனர். கரைக்குக் கீழ் இருப்பவர்களின் குரல் இந்த இழுபறியில் கடைசியாகவே கேட்கிறது.

அபாய வரைபடத்தை வாசிப்பது எப்படி

அமெரிக்காவில் ஒரு வீட்டின் வெள்ள அபாயத்தை அறிய முதலில் பார்ப்பது, ஃபெமா எனப்படும் ஒன்றிய அவசரகால மேலாண்மை முகமை வெளியிடும் வெள்ளக் காப்பீட்டு வரைபடத்தை. பாம் பீச் கவுண்டிக்கான புதிய வரைபடம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. முகவரியைக் கொடுத்தால் எவரும் கட்டணமின்றி அதைக் காணலாம். அதை வாசிக்க நான்கு செய்திகளை அறிந்திருப்பது போதும்.

முதலாவது, மண்டலங்கள். ‘ஏ’ என்றோ ‘வி’ என்றோ தொடங்கும் மண்டலங்கள் உயர் அபாயம் உடையவை. ‘வி’ என்பது கடல் அலையின் மோதலும் சேர்ந்த கரையோரம். ‘எக்ஸ்’ மண்டலம் நடுத்தர அல்லது குறைந்த அபாயம் உடையது. வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும் அடிப்படை வெள்ளமட்டம், பெருவெள்ளத்தில் நீர் எந்த உயரம் வரை எழும் என்பதைச் சொல்கிறது. வீட்டின் தரைமட்டத்தை அதனோடு ஒப்பிட்டால் நிலைமை தெரிந்துவிடும்.

இரண்டாவது, ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல். நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது என்று பலரும் இதைத் தவறாகக் கொள்கின்றனர். உண்மையில் அது ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம். இவ்வாண்டு வந்துவிட்டது என்பதால் அடுத்த ஆண்டு வராமல் போகாது. முப்பதாண்டு வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் அப்படியொரு வெள்ளம் ஒருமுறையேனும் வரும் வாய்ப்பு 26 விழுக்காடு. அதாவது நான்கில் ஒன்று.

மூன்றாவது, கரை உள்ள இடத்தின் நிறம். தரச்சான்று பெற்ற கரையின் பின்னால் இருக்கும் நிலத்தை வரைபடம் நடுத்தர அபாயமாகக் காட்டும். அங்கே காப்பீடு கட்டாயமாகாது. கரை தாங்கும் என்ற அனுமானத்தின் மேல் பூசிய நிறம் அது. கரை தாங்காத நாளில் அந்நிலத்தின் அபாயம் மற்றெல்லா இடங்களையும்விடக் கூடுதலாக இருக்கும். 1928இல் மாண்டவர்களும் ஒரு கரையை நம்பித்தான் வாழ்ந்தார்கள்.

நான்காவது, வரைபடத்தின் எல்லை. மழைநீர் வடிகால் அடைபட்டுத் தெருவில் தேங்கும் வெள்ளத்தை இது முழுமையாகக் காட்டுவதில்லை. ஃபெமாவின் கணக்கின்படியே, இழப்பீட்டுக் கோரிக்கைகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு உயர் அபாய மண்டலத்திற்கு வெளியிலிருந்தே வருகின்றன.

காப்பீடு எவ்வாறு இயங்குகிறது

வழக்கமான வீட்டுக் காப்பீடு அமெரிக்காவில் வெள்ளச் சேதத்தை ஏற்காது. 1927இல் மிசிசிப்பி ஆற்றுப் பெருவெள்ளத்திற்குப் பின் தனியார் நிறுவனங்கள் இத்தொழிலிலிருந்து விலகிக்கொண்டன. அந்த இடைவெளியை நிரப்ப 1968இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தை அரசு சட்டமாக்கியது. இதில் ஒரு பேரம் உள்ளது: வெள்ளநிலத்தில் கட்டடம் கட்டுவதற்கு உள்ளாட்சி கட்டுப்பாடு விதித்தால்தான் அங்குள்ளோர் இக்காப்பீட்டைப் பெறலாம். அந்தக் கட்டுப்பாடுகளுக்கு மேலும் உள்ளாட்சி செயல்பட்டால், பிரீமியத்தில் 5 முதல் 45 விழுக்காடு வரை மக்களுக்குத் தள்ளுபடி உண்டு. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உயர் அபாய மண்டலத்தில் அரசு சார்ந்த வீட்டுக் கடன் பெற்றவர்கள் இதை எடுத்தே ஆக வேண்டும்.

ஒரு குடும்பம் வாழும் வீட்டின் கட்டடத்திற்கு 2,50,000 டாலர் வரையும், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரையும் காப்பீடு பெறலாம். இரண்டும் தனித்தனி. கட்டடத்திற்கு மட்டும் எடுத்துவிட்டுப் பொருள்களுக்கும் சேர்த்தே எடுத்ததாக நம்பியவர்கள் வெள்ளத்திற்குப் பிறகே உண்மையை அறிகிறார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர் பொருள்களுக்கு மட்டும் தனியே எடுக்கலாம். வீட்டு உரிமையாளர் எடுத்த காப்பீடு குடியிருப்பவரின் கட்டிலையோ பாத்திரத்தையோ காக்காது.

பணம் கட்டிய நாளிலிருந்து பொதுவாக 30 நாள்கள் கழித்தே காப்பீடு செயலுக்கு வரும். புயல் உருவாகிவிட்டது என்று கேட்டபின் வாங்கிப் பயனில்லை. இத்திட்டத்தில் வெள்ளம் என்பது வழக்கமாக உலர்ந்திருக்கும் இரண்டு ஏக்கர் நிலத்தையோ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொத்துகளையோ நீர் சூழ்வது. தன் வீட்டுக் குழாய் உடைந்து நீர் புகுந்தால் அது வெள்ளமாகாது. பொருள்களுக்குப் புதிய விலை கிடைக்காது. தேய்மானம் கழித்த மதிப்பே கிடைக்கும். வீட்டை விட்டு வெளியேறி வேறிடத்தில் தங்கும் செலவு, பறிபோன கூலி, ரொக்கம், வாகனம் ஆகியவை இதில் சேரா. சேதத்திற்கான ஆதாரத்தை 60 நாள்களுக்குள் கையொப்பமிட்டு அளிக்க வேண்டும். சேற்றை அள்ளி எறிவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து வைக்கும்படி அங்குள்ள சமூக அமைப்புகள் மக்களிடம் சொல்வது இதனால்தான்.

காப்பீட்டின் பெரும்பயன் ஒன்று உண்டு. அதிபர் பேரிடர் என்று அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் தொகை கிடைக்கும். நிவாரணம் அரசின் விருப்பத்தைச் சார்ந்தது. காப்பீடோ ஒப்பந்த உரிமை. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

காப்பீடு யாரை விட்டுவிடுகிறது

2021 அக்டோபர் முதல் ஃபெமா புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. நீர்நிலைக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவு, தரைமட்டம், மீண்டும் கட்டுவதற்கான செலவு என ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் கணக்கிடுகிறார்கள். முன்பு சிறிய வீட்டுக்காரர் செலுத்திய பணம் மாளிகைக்காரரின் அபாயத்தையும் சேர்த்துச் சுமந்தது. இம்முறை அதைச் சீர்செய்கிறது என்பது நியாயமான வாதமே. ஆனால் இது வீட்டைப் பார்க்கிறதேயொழிய, அதில் வாழ்பவரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. முதன்மைக் குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற வரம்பு உண்டு. அந்த 18 விழுக்காடும் கூலிக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமைதான்.

விளைவை ஃபெமாவே 2018இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உயர் அபாய மண்டலத்தில் காப்பீடு உள்ள குடும்பங்களில் 26 விழுக்காடு குறைந்த வருமானம் உடையவை. காப்பீடு இல்லாத குடும்பங்களிலோ 51 விழுக்காடு. கட்டாயம் என்பது கடன் வாங்கியவருக்கே. கடன் பெறத் தகுதியற்றவரும், பாட்டன் விட்டுச்சென்ற பழைய வீட்டில் இருப்பவரும், வாடகைக்காரரும் அந்தக் கட்டாயத்திற்கும் பாதுகாப்பிற்கும் ஒருசேர வெளியே நிற்கின்றனர்.

காப்பீடு இல்லாதவர் நம்பியிருப்பது நிவாரணத்தை. அங்கே அடுத்த தடை நிற்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்களின் நிலம் பெரும்பாலும் உயில் எழுதாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. அடிமைமுறை ஒழிந்த பிறகும் நீதிமன்றமும் வழக்கறிஞரும் தங்களுக்கு எதிரானவர்கள் என்ற அனுபவமே இதற்குக் காரணம். வாரிசுச் சொத்து எனப்படும் இந்நிலத்திற்குத் தனிப்பெயரில் ஆவணம் இருக்காது. ‘வீடு உங்களுடையது என்பதற்கு ஆவணம் எங்கே?’ என்று கேட்டு ஃபெமா பலருடைய விண்ணப்பங்களை நிராகரித்துவந்தது. நெடிய போராட்டத்திற்குப் பின், 2021 செப்டம்பரில்தான் வேறு வகைச் சான்றுகளையும், எதுவுமே இல்லாதபோது உறுதிமொழியையும் ஏற்பதாக விதியைத் தளர்த்தியது.

இவையெல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதைச் சமூகவியலாளர்கள் ஜூனியா ஹவெல், ஜேம்ஸ் எலியட் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பேரிடர்ச் சேதம் மிகுந்த கவுண்டிகளில் 1999 முதல் 2013 வரை வெள்ளையரின் சொத்து மதிப்பு சராசரியாக உயர்ந்தது. கறுப்பின மக்களுடையது குறைந்தது. அரசு உதவி கூடுதலாகப் பாய்ந்த இடங்களில் இந்த இடைவெளியும் கூடுதலாகவே இருந்தது. உதவி சொத்தைப் பின்தொடர்ந்து செல்லும்போது, சொத்து மறுக்கப்பட்டவரை அது கடந்து போய்விடுகிறது.

நம் ஏரிக்கரைகளில்

தமிழகத்தின் பல ஊர்களில் ஏரியின் மதகைத் திறந்து மூடியவரும், மழைநாளில் இரவெல்லாம் கரையைக் காத்தவருமான நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். அந்த நீர் பாய்ந்த நிலத்தில் அவர்களுக்குப் பங்கு அரிது. குடியிருப்போ பல இடங்களில் கரைக்குக் கீழ், கலங்கல் ஓடும் பள்ளத்தில், புறம்போக்கில். நிலமின்மையே அவர்களை அங்கே குடியமர்த்தியது. பிறகு அதே குடியிருப்பு ‘ஆக்கிரமிப்பு’ ஆகிறது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் முதலில் பாய்வதும் அங்கேதான். 2015 வெள்ளத்திற்குப் பிறகு சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவும், பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. வெள்ள அபாயத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, இன்னொரு தாழ்நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

வெள்ளம் வடிந்த பின் நடப்பதும் நாம் அறிந்ததே. 2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினத்தில் உடல்களை எடுக்கத் தலித் துப்புரவுத் தொழிலாளர்களே அனுப்பப்பட்டனர். நிவாரணத்திலோ தலித்துகள் ஒதுக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2005இல் பதிவு செய்தது. 2015இல் சென்னையின் சேற்றை அள்ள வெளிமாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களே. பலருக்குக் கையுறைகூட இல்லை.

நம் நாட்டில் அமெரிக்காவைப் போன்ற தனி வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் இல்லை. 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருக ரக்ஷா’ என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது. வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் எடுக்கவும் வழியுண்டு. நம் குடியிருப்புகளில் அதன் பெயரைக் கேட்டவரே மிகக் குறைவு.

எஞ்சுவது மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. 2022–26 காலத்திற்கான ஒன்றிய அரசின் விதிமுறைப்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். ஓலையும் மண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டு கட்டியது ‘குடிசை’ என்ற இனத்தில் சேரும். அதோடு, சேதமான வீடு தகுதியான அதிகாரியால் சான்றளிக்கப்பட்ட, அனுமதி பெற்ற கட்டுமானமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பட்டா கேட்டு மூன்று தலைமுறையாக மனு கொடுத்தவரிடம், வெள்ளத்தில் வீடு போன மறுநாள் அனுமதிச் சான்று கேட்பது எவ்வகை நீதி? ஃபெமா 2021இல் தளர்த்திய அதே கதவு இங்கே இன்னும் அடைத்தே கிடக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

பாம் பீச் கவுண்டியில் ஏழைகள் காக்கப்பட்டுவிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அங்கே அபாயம் எண்ணாக எழுதப்பட்டு, வரைபடமாகப் பொதுவில் வைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் விடுபட்டவர்கள் தாங்கள் விடுபட்டதை மெய்ப்பிக்க முடிந்தது. நாமும் அங்கிருந்து தொடங்கலாம்.

ஒன்று: ஒவ்வோர் ஏரிக்கும், கரை உடைந்தாலோ கலங்கல் வழிந்தாலோ நீர் எந்தெந்தத் தெருக்களில் எவ்வளவு உயரம் நிற்கும் என்ற வரைபடத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். ‘காலனி’ என்று ஒற்றைப் புள்ளி வைத்தால் போதாது. வீடுவீடாகக் குறிக்க வேண்டும்.

இரண்டு: கரையின் உறுதி, மதகின் நிலை, கடைசியாக மராமத்து நடந்த ஆண்டு ஆகியவற்றைக் கிராம சபையில் எழுத்தில் வைக்கும்படி கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பொதுப்பணி, நீர்வளம், ஊரக வளர்ச்சித் துறைகளிடமும் கேட்கலாம்.

மூன்று: நிவாரணத்திற்குப் பட்டாவையும் அனுமதிச் சான்றையும் நிபந்தனையாக்குவதை நீக்கி, குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, வாக்காளர் அட்டை, அண்டை வீட்டாரின் உறுதிமொழி ஆகியவற்றில் ஒன்றை ஏற்க வேண்டும்.

நான்கு: அபாயப் பகுதியில் வாழும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களின் வீட்டுக்கும் பொருள்களுக்கும் அரசே பிரீமியம் செலுத்திக் காப்பீடு எடுக்க வேண்டும். குடிசைக்கும் அதில் இடம் வேண்டும்.

ஐந்து: இடம் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், வெளியேற்றும் நிலத்தின் அபாயத்தையும் குடியமர்த்தும் நிலத்தின் அபாயத்தையும் ஒரே தாளில் எழுதித் தந்துவிட்டு, அதன் பிறகே மக்களின் ஒப்புதலைக் கேட்க வேண்டும்.

அதுவரை நாமே செய்யக்கூடியதும் உண்டு. மழைக்காலத்திற்கு முன் வீட்டையும் உள்ளிருக்கும் பொருள்களையும் கைப்பேசியில் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஆவணங்களின் நகலை ஊருக்கு வெளியே உள்ள உறவினரிடம் ஒன்று கொடுத்து வையுங்கள். தெருவில் கடந்த வெள்ளம் எட்டிய உயரத்தைச் சுவரில் வண்ணத்தால் கோடிட்டு, ஆண்டையும் எழுதுங்கள். குடியிருப்பில் இருப்போரின் பெயர்களை, வெளியூரிலிருந்து செங்கல் சூளைக்கும் அறுவடைக்கும் வந்திருப்போர் உட்பட, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 1928இல் ஒக்கிச்சோபிக் கரையில் மாண்ட கூலிகளுக்கு அப்படியொரு நோட்டு இருந்ததில்லை. அவர்களின் எண்ணிக்கையைத் திருத்தவே 75 ஆண்டுகள் ஆயின.